செய்திச் சட்டகமும் சூழல் கொள்கைக்கான ஆதரவும் (திருப்பூர்)

ஒரு கொள்கை எந்தக் கோணத்தில் எடுத்துரைக்கப்படுகிறதோ, அதற்கேற்ப மக்கள் ஆதரவு கூடும் அல்லது குறையும். அந்தக் கோணமே செய்திச் சட்டகம். பருவநிலை, சூழல் கொள்கைகளில் இதற்குத் தமிழ்நாட்டின் சிறந்த சான்று, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றை மாசுபடுத்திய சிக்கல்.

தோற்றம்

ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் ஆகியோரின் 1981 ஆய்வு சட்டகம் பற்றிய ஆராய்ச்சிக்கு அடித்தளம். 600 பேரைப் பலிகொள்ளக்கூடிய கற்பனை நோய் ஒன்றை அவர்கள் முன்வைத்தனர். 200 பேர் பிழைப்பது உறுதி என்று ஒரு திட்டத்தை விவரித்தபோது 72 விழுக்காட்டினர் அதை ஏற்றனர். 400 பேர் இறப்பர் என்று அதையே மாற்றிச் சொன்னதும் ஏற்றவர்கள் 22 விழுக்காட்டினரே.

வகைகள்

ஆதாயம், இழப்பு, உடல்நலம், பொருளாதாரம், நீதி எனச் சட்டகங்கள் பலவகை. திருப்பூரில் மூன்று மேலோங்கின.

1. பொருளாதாரச் சட்டகம்: பனியன் தொழில் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போடுகிறது, அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, சாயப்பட்டறைகளை மூடினால் ஊரே முடங்கும் என்பது தொழில்துறையின் வாதம். இது காலம் கடத்தவே பயன்பட்டது.

2. இழப்புச் சட்டகம்: பாசனத்துக்காக நொய்யலில் 1992-இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. கிணறுகளில் உப்பேறியது, வெள்ளாமை பொய்த்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் இந்த நட்டத்தையே முன்னிறுத்தினர். 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீட்டை 2004-இல் சூழல் இழப்பு ஆணையம் நிர்ணயித்ததும், ஆற்றின் துயரம் மறுக்க முடியாத கணக்கானது.

3. நீதிச் சட்டகம்: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையைச் சாயப்பட்டறைகள் எட்ட வேண்டும், அதுவரை வெளியேற்றும் கழிவுநீரின் லிட்டருக்கு 6 முதல் 10 பைசா வரை செலுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. சூழலை மீட்கும் செலவிலிருந்து ஆலைகள் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

விளைவு

‘வேலையா, ஆறா’ என்று கேட்ட வரையில் கொள்கை நகரவில்லை. யாருடைய தோட்டம், எவ்வளவு நட்டம், யார் பொறுப்பு என்று கேட்டபோதே அது வலுப்பெற்றது. பருவநிலைப் பரப்புரைக்கும் இதுவே பாடம்.

இன்றைய நிலை

பட்டறைகள் சுத்திகரித்த நீரையே மறுபடி பயன்படுத்துகின்றன. தொழில்துறையின் சட்டகமும் மாறியுள்ளது: பனியன் ஏற்றுமதியாளர்கள் காற்றாலையையும் மரம் நடுதலையும் பெருமையுடன் பேசுகின்றனர்.