வாயில்லாச் சீவன்களும் வைத்திய சோதனையும்

நோய் வந்தபின் மருந்து தேடுவது உலக வழக்கம். நோய் வாராமுன் காப்பது அறிவின் வழக்கம். மனிதர் தம் உடலைப் பற்றி இவ்வுண்மையை உணரவே பல நூற்றாண்டுகள் பிடித்தன. வாயிலிற் காவல் கிடக்கும் நாய்க்கும், அடுப்பங்கரையில் உறங்கும் பூனைக்கும் அது பொருந்துமென உலகம் உணர்ந்ததோ மிக அண்மையிலேதான். ஆண்டுக்கொரு முறை அவற்றை மிருக வைத்தியரிடம் காட்டவேண்டுமென்றால், "இது செல்வரின் விளையாட்டு" என்று நகைப்போர் நம்மவருள் இன்றும் உளர். அஃது அவ்வாறன்று என்பதற்குச் சிங்கப்பூரின் சரித்திரமே சான்று பகரும்.

சிராங்கூன் சாலைப் பக்கம் செல்வோர் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, பெலிலியோஸ் ரோடு ஆகிய பெயர்களைக் கண்டிருப்பர். முதலிரண்டும் ஆங்கிலத்திலும் மலாயிலும் எருமையைக் குறிப்பன. மூன்றாவது, அவ்வட்டாரத்தில் மாட்டு வணிகம் செய்த யூதர் ஒருவரின் பெயர். நம் தாய்மார் பிள்ளை பெற்ற கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பெயருக்கும் எருமைக் கொட்டடி என்பதே பொருள். புல்லும் நீரும் மிகுந்த அத்தாழ்நிலத்தில் 19-ம் நூற்றாண்டில் கால்நடைத் தொழில் தழைத்தது. தமிழர் பலர் மாடு மேய்த்தும், பால் கறந்தும், வண்டி ஓட்டியும் அங்கே பிழைத்தனர். மாடு நோயுற்றால் முதல் போயிற்று. ஆகவே அதன் நலத்தை நாடோறும் கவனிக்க ஆளிருந்தது. நாயின் பல்லையும் பூனையின் காதையும் பார்ப்பார் எவருமிலர்.

இக்குறை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1762-ல் முதல் மிருக வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டபோது, மாடுகளை வாரிக்கொண்ட கொள்ளை நோயே அதற்குத் தூண்டுகோல். 1791-ல் இலண்டனில் எழுந்த கல்லூரியின் கவனமெல்லாம் குதிரை மேலிருந்தது. விலையுள்ள பிராணிக்கே வைத்தியம் என்பது அக்காலத்து நியதி.

நம் முன்னோர் நாயை மதியாதவரல்லர். திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றுளது. அதில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் அவனது நாயும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இறந்த நாய்க்குக் கல் நட்ட சமூகத்துக்கு, உயிரோடிருக்கும் நாய்க்கு வைத்தியம் பார்ப்பது தகாத செயலாகுமா?

ஆயினும் ஆங்கில ஆட்சியில் சிங்கப்பூரின் தெருநாய்க்குக் கிடைத்தது வைத்தியமன்று, தடியும் துப்பாக்கியுமே. வெறிநாய்க்கடி என்னும் அச்சமே இதற்குக் காரணம். அவ்வச்சம் பொய்யன்று. நோய்க்குறி தோன்றியபின் அதிலிருந்து பிழைப்பவர் அரிதினும் அரிது. 1885-ல் பாஸ்டர் என்னும் பேரறிஞர் கடியுண்ட சிறுவன் ஒருவனுக்கு ஊசி மருந்து செலுத்திக் காத்தார். 1907-ல் நம் குன்னூரிலும் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. ஆனால் கடியுண்டவனைக் காத்தாலும், கடிக்கும் நாயிடத்து நோய் இருந்துகொண்டேயிருந்தது. ஒரு தெருவில் நாய்களைக் கொன்றால், மறு தெருவினின்று வேறு நாய்கள் வந்து அவ்விடத்தை நிரப்பின.

மனிதனுக்கு ஊசி போட்ட அறிவு, நாய்க்கே ஊசி போடவும் கற்றது. 1952-ல் கோலாலம்பூரில் வெறிநோய் பரவியபோது, நாய்களுக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. தெருநாய்களைக் கொல்வதும் கூடவே நடந்தது. எனினும், வளர்ப்பு நாய்களையெல்லாம் ஒழுங்காக மருந்துக்குக் கொணர்ந்ததே அம்முறையின் புதுமை. சிங்கப்பூர் 1953 முதல் அந்நோயற்ற நாடாக விளங்குகிறது.

பூனையின் கதையும் இதனோடு ஒத்ததே. தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்து விடும் திட்டம் 1998-ல் சிங்கப்பூரில் தொடங்கிற்று. சார்ஸ் நோய் பரவிய 2003-ல் அது நிறுத்தப்பட்டுப் பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. பின்னர் 2011-ல் கருத்தடை முறைக்கே திரும்ப நேர்ந்தது. வீவக வீடுகளிற் பூனை வளர்க்க நெடுநாள் இருந்த தடை 2024 செப்டம்பர் 1-ல் நீங்கிற்று. வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். அவற்றுக்கு உரிமமும், தோலுக்கடியில் அடையாளச் சில்லும் வேண்டும் என்பது விதி. அச்சில்லைப் பொருத்துபவர் மிருக வைத்தியரே. ஆதலின் சட்டமே பூனையை வைத்தியசாலையின் படியேற்றிற்று.

அங்கே நடப்பதென்ன? வைத்தியர் எடை பார்க்கிறார். பல், ஈறு, கண், காது, தோல் ஆகியவற்றை நோக்குகிறார். இருதய ஓசையைக் கேட்கிறார். வயிற்றைத் தடவிக் கட்டி உண்டோ என ஆராய்கிறார். உண்ணியும் குடற்புழுவும் உளவோ எனப் பார்க்கிறார். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி; பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் மற்றவை. பின் ஆண்டுக்கொரு சோதனை; முதுமையில் இருமுறை. கொசுவால் பரவும் இருதயப் புழு நம் நாட்டு நாய்களுக்குப் பெரும் பகை; அதைத் தடுக்கும் மருந்தும் உண்டு. பூனை தன் நோயை மறைக்கும் இயல்பினது; அது சோர்ந்து படுத்தபின் கொண்டு சென்றால், செலவு பன்மடங்காகும், உயிரோ நிச்சயமில்லை.

தோட்டத்து லயங்களில் வாழும் நம்மவர்க்கு இதிற் கூடுதற் பொறுப்புண்டு. தீபகற்ப மலேசியாவின் வட மாநிலங்களில் 2015-லும், சரவாக்கில் 2017-லும் வெறிநோய் மீண்டும் தலைகாட்டிற்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் அந்நோயால் மாள்வதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களிற் பெரும்பாலோர் ஏழைகள், அவருள்ளும் பலர் சிறுவர். நாய் கடித்தால் தாயத்துக் கட்டுவதும், மந்திரிப்பதும், மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவதும் மடமை. கடிவாயைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு விரைக. அதனினும் சிறந்தது, நோய் பரவிய இடங்களில் லயத்து நாய்களுக்கெல்லாம் முன்னரே ஊசி போடுவித்தல். தனித்தனியே கொண்டுசெல்ல இயலாவிடில், பல குடும்பங்கள் ஒன்றுகூடி வைத்தியரை லயத்துக்கே வரவழைக்கலாகாதா?

ஒரு காலத்தில் அச்சம் தடியெடுத்தது. பின்னர் அறிவு ஊசியெடுத்தது. எதனால் நோய் அடங்கிற்று என்பதைச் சரித்திரம் காட்டிவிட்டது. நம் வாயிலிற் காவல் கிடக்கும் சீவனுக்குத் தன் நோயை உரைக்க வாயில்லை. அதன்பொருட்டு ஆண்டுக்கொரு நாள் வைத்தியரிடம் பேசுவது நம் கடமை. அந்நாள் நம் பிள்ளைகளின் உயிருக்கும் காவலாகும்.