ஒரு சொல்லும் பல நீர்நிலைகளும்

சொற்களின் வரலாறு என்பது அவற்றை வழங்கிய மக்களின் வரலாறே ஆகும். ஆங்கிலத்தில் வழங்கும் ‘டாங்க்’ என்னும் எளிய சொல்லை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டியில் பெட்ரோல் நிரப்பும் கலமும் டாங்க். மாடியில் நீரைத் தேக்கிவைக்கும் தொட்டியும் டாங்க். பீரங்கியைத் தாங்கிப் போர்க்களத்தில் ஊர்ந்து செல்லும் இரும்பு ஊர்தியும் டாங்க். இத்தனை பொருள்களும் ஒரே சொல்லில் எவ்வாறு அடங்கின?

இச்சொல்லின் வேர் நம் நாட்டில் உள்ளது. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறித்த ஒரு சொல்லை, 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கில வணிகர் தம் பேச்சில் ஏற்றுக்கொண்டனர். போர்த்துக்கீசியச் சொல் ஒன்றின் சாயலும் அதனோடு கலந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். பின்னர், முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷார் ஒரு புதிய போர் ஊர்தியை மறைவாகச் செய்தனர். அது நீர் கொண்டுசெல்லும் தொட்டி என்று பிறர் நம்பும்படி அதற்கு அப்பெயரை இட்டனர். 1916 செப்டம்பர் 15ஆம் நாள் சோம் போர்க்களத்தில் அவ்வூர்தி முதன்முதல் இறங்கியது. மறைவு நீங்கிய பின்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இனி, இச்சொல் நம் ஊர்களுக்குச் செய்ததைக் காண்போம். மதுரைக்குத் தென்மேற்கே உள்ள திருப்பரங்குன்றத்தையே சான்றாகக் கொள்கிறேன். அங்கே மலைமேல் இருப்பது சுனை. அடிவாரத்தில் இருப்பது சரவணப் பொய்கை. வயலுக்கு நீர் தர அமைந்தது தென்கால் கண்மாய். மதுரையின் கீழ்ப்புறம் சென்றால், திருமலை நாயக்கர் வெட்டுவித்த வண்டியூர்த் தெப்பக்குளத்தைக் காணலாம். சிற்றூர்களில் ஊரார் உண்ணும் நீரைக் காத்துத் தருவது ஊருணி. திருவள்ளுவர் ஒப்புரவாளனின் செல்வத்துக்கு உவமையாகக் கொண்டதும் அதுவே.

இவை வெறும் பெயர் வேறுபாடுகள் அல்ல. கண்மாய்க்குக் கரையும் மடையும் கலுங்கும் உண்டு. மிகுந்த நீர் கலுங்கு வழியே வெளியேறி, மறுகாலில் ஓடி அடுத்த கண்மாயைச் சேரும். ஊருணியிலோ மாட்டைக் குளிப்பாட்டுதலும் துணி துவைத்தலும் ஆகா என்பது ஊர்க்கட்டுப்பாடு. ஒவ்வொரு பெயரும், அந்நீர் யாருக்கு உரியது, எதற்கு உரியது என்பதைத் தன்னுள்ளே கொண்டிருக்கிறது.

ஆங்கில ஆட்சியின் ஏடுகளில் இவற்றுள் பெரும்பாலானவை ‘டாங்க்’ என்ற ஒரே சொல்லில் அடங்கின. 1883இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய பாசன ஏரிச் சீரமைப்புத் திட்டமும் அச்சொல்லையே தன் பெயரில் ஏற்றது. அதன் தொடர்ச்சியை இன்றும் காணலாம். ஏரிகளை ஆக்கிரமிப்பினின்று காக்கத் தமிழ்நாடு அரசு 2007இல் இயற்றிய சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘டாங்க்’ உண்டு. ஆயினும், பொதுப்பணித் துறையின் பொறுப்பில் அப்போது இருந்த ஏரிகளுக்காகவே அச்சட்டம் இயற்றப்பட்டது. சிற்றூர் ஊருணிகளோ பெரும்பாலும் ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ளவை. ஏட்டில் ஒரே பெயர் பெற்ற இரண்டும், காவலில் ஒரே நிலையைப் பெறவில்லை.

மாணவர்களே! பழைய ஆங்கில ஏட்டில் ‘டாங்க்’ என்று காணும்போது, அது சுனையா, பொய்கையா, கண்மாயா, ஊருணியா என்று வினவுங்கள். உங்கள் ஊர் முதியோரிடம் அதன் தமிழ்ப்பெயரைக் கேட்டு, அதன் நீர் எங்கிருந்து வந்து எங்கே சென்றது என்பதையும் எழுதிவையுங்கள். நீர் வரும் வழி தெரிந்தால்தான், அதனை அடைத்தவிடத்தும் மீண்டும் திறக்க இயலும்.