மஞ்சள் ரோஜா வந்த வழி

நம் குடியிருப்பின் பால்கனிகளிலும் மொட்டை மாடியிலும் இருக்கும் ரோஜாத் தொட்டிகளில் மஞ்சள் ரோஜாவுக்கும் ஓர் இடம் உண்டு. எளிதாகக் கிடைப்பதால் அது எப்போதுமே இருந்த பூ என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் 1900-க்கு முன் ஐரோப்பாவின் பெரிய தோட்டக்காரர்களிடம்கூட, குளிரைத் தாங்கி, ஒரே ஆண்டில் திரும்பத் திரும்பப் பூக்கும் அழுத்தமான மஞ்சள் ரோஜா ஒன்று இல்லை. அதை உருவாக்க ஒரு மனிதர் தன் இளமைக்காலம் முழுவதையும் செலவிட வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மஞ்சள் ரோஜாவின் இலைகளில் கரும்புள்ளிகள் வந்து, இலை பழுத்து, ஒரே வாரத்தில் செடி மொட்டையாகிவிடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். "மண் சரியில்லை", "உரம் போதவில்லை" என்று பல காரணம் சொல்வோம். அந்த நோயின் கதையும் மஞ்சள் நிறத்தின் கதையும் ஒன்றுதான். இரண்டும் ஒரே செடியிலிருந்து, ஒரே நாளில் தோட்டத்துக்குள் வந்தவை.

மஞ்சளுக்காகக் காத்திருந்த ஐரோப்பா

ஐரோப்பாவின் பழைய தோட்ட ரோஜாக்கள் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா ஆகிய நிறங்களுக்குள் அடங்கிவிட்டன. மஞ்சள் ரோஜாக்கள் மேற்கு ஆசியாவிலும் சீனாவிலும் இருந்தன. அங்கிருந்து வந்த ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறை இருந்தது.

துருக்கி வழியாக வந்த கந்தக ரோஜா அடுக்கு இதழ் கொண்டது, பார்க்க அழகு. ஆனால் ஈரமான காற்றுப் பட்டால் மொட்டு விரியாமலே அழுகிவிடும். 1824-ல் ஜான் டாம்பர் பார்க்ஸ் என்பவர் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகச் சீனாவிலிருந்து ஒரு மஞ்சள் ரோஜாவைக் கொண்டுவந்தார். அதன் வழியில் மென்மஞ்சள் நிற ரோஜாக்கள் பல பிறந்தன. 1864-ல் வந்த 'மரேஷால் நியெல்' அவற்றில் பெயர் பெற்றது. ஆனால் இந்தக் குடும்பத்துக்குக் குளிர் ஆகாது. வட ஐரோப்பாவில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டும். நிறமும் வெண்ணெய் நிறம்தான். மஞ்சள் கிழங்கின் அழுத்தம் அதில் கிடையாது.

அந்த அழுத்தமான மஞ்சள் 'ரோசா ஃபெடிடா' என்ற மேற்கு ஆசிய இனத்தில் இருந்தது. அதன் அடுக்கு இதழ் வகையைப் பாரசீகத்திலிருந்து சர் ஹென்றி வில்லாக் என்ற ஆங்கிலேயத் தூதர் 1830-களின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குக் கொண்டுசேர்த்தார். அதற்கு 'பெர்ஷியன் யெல்லோ' என்று பெயர் வைத்தார்கள். குளிரையும் தாங்கியது. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும். வாசனையும் பலருக்குப் பிடிக்கவில்லை. 'ஃபெடிடா' என்றாலே லத்தீனில் நாற்றமுடையது என்று பொருள். இதற்கெல்லாம் மேலாக, அது காய் பிடிப்பதே அரிது, மகரந்தமும் பெரும்பாலும் பயன்படாது. வேறு ரோஜாவோடு சேர்த்துப் புது ரகம் எடுக்க நினைத்த பலரும் கைவிட்டார்கள்.

லியோன் நகரத்து இளைஞர்

பிரான்சின் லியோன் நகரம் அன்று ரோஜா நர்சரிகளுக்குப் பேர்போனது. அதன் அருகே 1859-ல் பிறந்தவர் ஜோசப் பெர்னே. அவருடைய தந்தையும் ரோஜா வளர்த்தவர். ஜோசப் வேலைக்குச் சேர்ந்தது துஷே குடும்பத்தின் நர்சரியில். குளோத் துஷே 1874-ல் இறந்த பிறகு அவருடைய மனைவிதான் அந்தத் தொழிலை நடத்தினார். 1881-ல் 'விதவை துஷே' என்ற பெயரில் அங்கிருந்து வெளிவந்த 'செசில் புரூன்னர்' என்ற சிறு ரோஜா இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஜோசப் அந்த வீட்டின் மகளைத் திருமணம் செய்துகொண்டு, மனைவியின் குடும்பப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்து, ஜோசப் பெர்னே-துஷே ஆனார்.

1883-ல், 24 வயதில், அவர் பெர்ஷியன் யெல்லோவைக் கையில் எடுத்தார்.

ரோஜாவில் புது ரகம் எடுப்பது எப்படி என்று சுருக்கமாகப் பார்க்கலாம். தாய்ச் செடியின் மொட்டு விரியும் முன்பே இதழ்களையும் மகரந்தப் பைகளையும் நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அது தன் மகரந்தத்திலேயே கருவுற்றுவிடும். பிறகு தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, தேனீ வராதபடி பையால் மூடிக் கட்ட வேண்டும். எல்லாம் நன்றாக நடந்தால் சில மாதங்களில் காய் பழுக்கும். விதையைக் குளிரில் வைத்திருந்து விதைத்தால் சில முளைக்கும், பல முளைக்காது. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை அல்லவா? அப்படியே, ஒரே காயின் பத்து விதையும் பத்து விதமான செடியாக வரும். அவற்றில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம்.

பெர்னே-துஷே ஒவ்வொரு ஆண்டும், திரும்பத் திரும்பப் பூக்கும் தோட்ட ரோஜாக்களின் மேல் பெர்ஷியன் யெல்லோவின் மகரந்தத்தைத் தடவினார். ஆண்டுக்கு ஆண்டு ஏமாற்றம்தான். 1888-ல்தான் 'அந்துவான் துஷே' என்ற செந்நிற ரோஜா சில விதைகளைக் கொடுத்தது. அந்த ரோஜாவுக்கு வைத்திருந்ததும் மனைவியின் குடும்பப் பெயர்தான். அதிலிருந்து வந்த ஒரு செடி 1891-ல் பூத்தது. இதழின் மேல்புறம் இளஞ்சிவப்பு, அடிப்புறம் மஞ்சள். கிட்டத்தட்ட மலடு.

அந்தச் செடியைப் பிடுங்கி எறியாமல் வைத்திருந்ததில்தான் காரியம் நடந்தது. 1893-ல் அதன் அருகிலேயே இன்னொரு நாற்று பூத்திருப்பதைக் கண்டார்கள். ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில், இதழ் நிறைந்த பூ. அதை ஐந்து ஆண்டுகள் ஒட்டுக்கட்டிப் பெருக்கிப் பார்த்து, 1898-ல் காட்சிக்கு வைத்தார். 1900-ல் 'சோலேய் தோர்', அதாவது 'தங்கச் சூரியன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 41. தொடங்கி 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தனை காலமும் இந்த ஒரு கனவை மட்டும் நம்பி அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. 1890-ல் அவர் வெளியிட்ட 'மதாம் கரோலின் தெஸ்தூ' என்ற இளஞ்சிவப்பு ரோஜா பல நாடுகளில் விலைபோனது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்துத் தெருக்களில் அதை வரிசையாக நட்டார்கள். அத்தகைய ரோஜாக்கள் கொண்டுவந்த வருமானம்தான் மஞ்சளுக்கான காத்திருப்பைத் தாங்கியது.

சோலேய் தோர் முழு மஞ்சள் அல்ல. அதன் வழித்தோன்றலாக 1910-ல் வெளிவந்த 'ரேயோன் தோர்' தான் கலப்பில்லாத மஞ்சள். இந்தக் குடும்பத்துக்கே 'பெர்னெட்டியானா' என்று அவர் பெயரை வைத்தார்கள்.

நிறத்தோடு வந்த நோய்

புது ரோஜாக்களை ஆசையோடு வாங்கியவர்கள் சில ஆண்டுகளிலேயே ஒன்றைக் கவனித்தார்கள். மழைக்காலத்தில் இலைகளில் கரும்புள்ளி வந்து உதிர்கிறது. கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருகின்றன.

கரும்புள்ளி நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை. மழைத்துளி தெறிக்கும்போது அதன் வித்துகள் இலைக்கு இலை தாவும். இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் அளவுக்கு ஈரமாக இருந்தால் உள்ளே நுழைந்துவிடும். பெர்ஷியன் யெல்லோவின் சொந்த ஊர் கோடையில் வறண்டு கிடக்கும் நிலம். இலையில் ஈரம் நிற்காத ஊரில் இந்தப் பூஞ்சையை எதிர்க்கும் தேவை அதிகம் இல்லை. அந்த எதிர்ப்புச் சக்தி இல்லாத செடியைத் தந்தையாக வைத்து எடுத்த பிள்ளைகளுக்கும் அது வாய்க்கவில்லை.

அந்தக் குறை பெர்னெட்டியானாக்களோடு நிற்கவும் இல்லை. மஞ்சளும், அதிலிருந்து பிறந்த ஆரஞ்சும், தீக்கொழுந்து போன்ற நிறங்களும், இருநிறப் பூக்களும் எல்லோருக்கும் வேண்டியிருந்தன. நர்சரிக்காரர்கள் எல்லா ரோஜாக்களோடும் இவற்றைக் கலந்தார்கள். 1930-களுக்குள் பெர்னெட்டியானா தனிக் குடும்பமாக இல்லாமல் பெரிய ரோஜாக் குடும்பத்தில் கரைந்துவிட்டது. நிறம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் நோயும் போனது. மருந்து தெளித்தால்தான் ரோஜா என்ற நிலை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெர்னே-துஷேயைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் அவர் முன்னால் இருந்த தேர்வை நினைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தமான மஞ்சள் ஒரே ஒரு செடியில் இருந்தது. அதன் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு கெட்டதை விட்டுவிடும் வசதி அவருக்கு இல்லை. பிரித்தெடுக்கும் வேலை பின்னால் வந்தவர்களுக்கு விடப்பட்டது.

மகன்களின் பெயரில் இரண்டு பூக்கள்

நர்சரியைத் தொடர்ந்து நடத்த அவருக்கு இரண்டு மகன்கள் இருந்தார்கள்: குளோதியுஸ், ஜார்ஜ். இருவரும் முதல் உலகப் போரில் இறந்தார்கள். 1920-ல் தன் மிகச் சிறந்த மஞ்சள் ரோஜாவுக்குக் 'குளோதியுஸ் பெர்னே நினைவு' என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு ஓர் இளஞ்சிவப்பு ரோஜாவுக்கு 'ஜார்ஜ் பெர்னே நினைவு' என்று வைத்தார். நர்சரியை ஜான் கோஜார் என்ற இளைஞர் ஏற்றுக்கொண்டார். 1928-ல் பெர்னே-துஷே காலமானார்.

அவருக்குப் பிறகு மஞ்சளை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்ததும் லியோன் பக்கத்துக் குடும்பம்தான். பிரான்சிஸ் மெய்யான் 1935-ல் எடுத்த விதையிலிருந்து வந்த ஒரு நாற்றின் பூ, உள்ளங்கையை நிறைக்கும் அளவு பெரியது. மஞ்சள் இதழ், ஓரத்தில் இளஞ்சிவப்பு. அதன் முன்னோரில் பெர்னே-துஷேயின் ரத்தம் உண்டு. இரண்டாம் உலகப் போர் வழிகளை அடைக்கும் முன்பே அதன் ஒட்டுக்குச்சிகள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டன. போர் முடியும்வரை அவை என்னவாயின என்று மெய்யான் குடும்பத்துக்குத் தெரியாது. மெய்யான் தன் தாயின் பெயரை வைத்திருந்த அந்த ரோஜாவுக்கு 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவில் 'பீஸ்', அதாவது அமைதி என்று பெயர் சூட்டினார்கள். ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடிய பிரதிநிதிகளுக்கு ஆளுக்கு ஒரு பூ கொடுக்கப்பட்டது. போரில் இரு மகன்களையும் இழந்தவர் தோட்டத்துக்குக் கொண்டுவந்த மஞ்சள், இன்னொரு போரின் முடிவில் அமைதியின் பெயரோடு வந்தது.

பெர்னே-துஷே காலத்தில் புது ரோஜாவை உருவாக்கியவருக்கு அதன் மேல் உரிமை எதுவும் இல்லை. ஒரு செடி வாங்கியவர் அதிலிருந்து ஆயிரம் ஒட்டுச்செடி எடுத்து விற்கலாம். 1930-ல் அமெரிக்கா செடிகளுக்குக் காப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் முதல் உரிமை பெற்றதும் ஒரு ரோஜாதான்: 'நியூ டான்'. பீஸ் ரோஜாவுக்கும் அங்கே உரிமை கிடைத்தது. ஐரோப்பாவிலும் அது வேண்டும் என்று பிரான்சிஸ் மெய்யான் கடைசிவரை வாதாடினார்.

இன்றைய மஞ்சள்

நிறத்தையும் நோயையும் பிரிக்கும் வேலை இன்னும் நடக்கிறது. ஜெர்மனியில் புது ரோஜாக்களைப் பூச்சி, பூஞ்சை மருந்து எதுவும் தெளிக்காத வயல்களில் சில ஆண்டுகள் வைத்துப் பார்த்து, தாக்குப்பிடிப்பவற்றுக்கு மட்டும் சான்று தருகிறார்கள். 2006-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஜூலியா சைல்ட்' என்ற வெண்ணெய்மஞ்சள் ரோஜா, இலை உதிராமல் நிற்பதற்கும் பெயர் பெற்றது. ஒரு சமையல் கலைஞரின் பெயரைக் கொண்ட அந்த ரோஜா வரும்போது, சோலேய் தோர் வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

நம் தொட்டிகளுக்கு இதிலிருந்து சில விஷயங்கள் உண்டு. மஞ்சள் ரோஜா இலையை உதிர்த்தால் அது உங்கள் கைராசியின் குற்றம் அல்ல, பிறவியிலேயே வந்தது. காலையில் வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், இலையை நனைக்க வேண்டாம். தொட்டிகளை நெருக்கி வைக்காமல் காற்றோட இடம் விடுங்கள். விழுந்த இலைகளைத் தொட்டியிலேயே மக்கவிடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பூஞ்சை அதில்தான் தங்கியிருக்கும். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, குழந்தைகள் விளையாடும் இடம். அங்கே மருந்து தெளிப்பதை முதல் வழியாக அல்ல, கடைசி வழியாக வைத்துக்கொள்வது நல்லது.

புதுச் செடி வாங்கும்போது நிறத்தைக் கேட்பதோடு, மழையில் இலை நிற்குமா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி கடைக்காரர் வழியாக ரகம் எடுப்பவர் வரை போய்ச் சேர வேண்டியது. நிறம் ஒன்றையே கேட்டதால்தான் நூறு ஆண்டுகளாக நமக்கு நிறம் மட்டும் கிடைத்தது.