2005இல் வந்த ஒரு கமரா: கெனன் 5டி

பாவித்த டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்று வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிற தம்பி தங்கைகள் அநேகமாக ஒரே மாடலைத்தான் சொல்கிறார்கள்: கெனன் ஈஓஎஸ் 5டி, அதுவும் முதலாவது 5டி. உங்களில் பலரைவிட அதற்கு வயது கூட. அதன் வரலாறு தெரிந்தால், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதும் விளங்கிவிடும்.

கதை பிலிமில் தொடங்குகிறது. சினிமாவுக்கென்று இருந்த 35 மி.மீ. பிலிமை, ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஒஸ்கார் பார்னாக் ஒரு சின்னக் கமராவுக்குள் பக்கவாட்டாக ஓடவிட்டார். சினிமாவில் 18க்கு 24 மி.மீ. ஆக இருந்த கட்டம் இரண்டு மடங்காகி 24க்கு 36 ஆனது. 1925இல் அந்தக் கமரா லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிறகு வந்த எத்தனையோ கமராக்களும் லென்ஸ்களும் இந்த அளவையே பின்பற்றின. 'புல் பிரேம்' என்று நாம் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

டிஜிட்டல் காலம் வந்தபோது அந்த அளவில் சென்சர் செய்வது பெரும்பாடாக இருந்தது. சிலிக்கன் தட்டில் சில்லுகளின் வடிவத்தை ஒளியால் பதிக்கும் இயந்திரம் ஒரு தடவையில் ஏறக்குறைய 26க்கு 33 மி.மீ. பரப்பைத்தான் பதிக்கும். 24க்கு 36 அதற்குள் அடங்காது. ஆகவே துண்டு துண்டாகப் பதித்துப் பொருத்த வேண்டும். சில்லு பெரிதானால் அதில் ஒரு குறை விழுகிற வாய்ப்பும் கூடும். ஒரு குறை போதும், முழுச் சில்லும் குப்பைக்குப் போக. அதனால்தான் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் சிறிய சென்சரே இருந்தது. அவற்றில் பழைய 28 மி.மீ. லென்ஸைப் பூட்டினால், கெனனில் அது 45 மி.மீ. போலப் பார்க்கும். அகலமாக எடுக்கவென்று காசு கொடுத்து வாங்கிய லென்ஸ் அகலத்தை இழந்துவிடும்.

2002இல் கொன்டாக்ஸும் கெனனும் புல் பிரேம் கமராக்களை வெளியிட்டன. கெனனின் 1டிஎஸ் சுமார் 8,000 அமெரிக்க டொலர். சாதாரண ஆட்கள் கிட்டவும் போக முடியாது. 2005 ஓகஸ்ட்டில் 5டி 3,299 டொலருக்கு அறிவிக்கப்பட்டது. அதுவும் மலிவில்லைத்தான். ஆனால் கல்யாண வீட்டுப் படம் எடுத்துப் பிழைக்கிற ஒருவர் கடன்பட்டாவது வாங்கக்கூடிய விலை.

அதன் 12.8 மெகாபிக்சல் இன்று சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பிக்சலும் சுமார் 8.2 மைக்ரோன் அகலம். நல்ல வெளிச்சத்தில் முகங்களின் நிறத்தை அது எடுக்கிற விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். பின்னணி இயல்பாகவே மங்கும், போன் மாதிரிக் கணக்குப் போட்டு மங்கலாக்குவதில்லை. கண்ணை வைத்துப் பார்க்கிற வியூபைண்டரும் பெரிது. 1987இல் இருந்து வந்த கெனன் ஈஎஃப் லென்ஸ்கள் எல்லாம் அதில் பொருந்தும்.

குறைகள் அது பிறந்த வருடத்தின் குறைகள். வீடியோ கிடையாது, அது 2008இல் மார்க் 2 உடன்தான் வந்தது. திரையில் பார்த்துப் படம் எடுக்கவும் முடியாது, அந்த 2.5 அங்குலத் திரையை நம்பி 'படம் தெளிவு' என்று சொல்லவும் முடியாது. செக்கனுக்கு 3 படம்தான். ஐ.எஸ்.ஓ. சாதாரணமாக 1600, நீட்டினால் 3200. இருட்டு மேடையில் அரங்கேற்றம் ஆடுகிற அக்காவை அசையாமல் பிடிக்க அது பல நேரம் காணாது. இருண்ட பகுதிகளைக் கணினியில் வெளிச்சமாக்கினால் கோடு கோடாக இரைச்சல் எழும்பும். தூசியைத் தானே உதறுகிற வசதியும் இல்லை.

ஆறுதலாக முகப்படமும் ஊர்க்காட்சியும் எடுக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். உதைபந்தாட்டத்துக்கும் யூடியூபுக்கும் வேண்டாம்.

வாங்கப் போகும்போது லென்ஸைக் கழற்றி உள்ளே கண்ணாடியைப் பாருங்கள். சில 5டிகளில் அது கழன்று விழுந்தது. கெனன் இலவசமாகத் திருத்திக் கொடுத்தது. உங்கள் கைக்கு வருவது திருத்தியதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பிறகு எஃப் 16இல் ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சரில் உள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். கொம்பாக்ட் ஃபிளாஷ் கார்ட்டும் அதை வாசிக்கிற ரீடரும் தனியாக வாங்க வேண்டும், அந்தக் காசையும் கணக்கில் சேருங்கள்.