பழைய சினிமா பாட்டுப் புத்தகம் வீட்டில் இருக்கா? ஆக்கர் கடைக்குப் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பரணைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும் பழைய பாட்டுப் புத்தகங்கள், நாகர்கோவில் பக்கத்தில் பெரும்பாலும் ஆக்கர் கடைக்குத்தான் போகின்றன. ஆனால் உலகின் பெரிய ஏல நிறுவனங்கள் சினிமா நட்சத்திரங்களின் பொருட்களுக்குத் தனி கேட்டலாக்கே அச்சடிக்கின்றன. அந்தக் கேட்டலாக்கைச் சேகரிப்பவர்களும் உண்டு.

ஏலக் கேட்டலாக் என்றால் என்ன?

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், படம், இப்போதைய நிலை, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எதிர்பார்க்கும் விலை என எல்லாம் இதில் இருக்கும். ஏலம் முடிந்ததும் பொருட்கள் பல ஊர்களுக்குச் சிதறிவிடும். அவை ஒன்றாக இருந்ததற்கு மிஞ்சுவது இந்தப் புத்தகம்தான்.

1999-ல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் மர்லின் மன்றோவின் பொருட்களை ஏலம் விட்டது. அவர் அதிபர் கென்னடி முன் பாடியபோது அணிந்த உடை சுமார் 12.7 லட்சம் டாலருக்குப் போனது. அதே உடை 2016-ல் இன்னொரு ஏலத்தில் 48 லட்சம் டாலர்!

நம்ம ஊர்ல இதுக்கு இணை எது?

பாட்டுப் புத்தகம்தான். தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்ற இதில் நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர்கள், கதைச் சுருக்கம், பாடல்கள் எல்லாம் இருக்கும். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) உட்பட பல ஆரம்பகாலப் படங்களின் பிரதி இன்று இல்லை. அப்படிப்பட்ட படங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள பாட்டுப் புத்தகம், ஸ்டில், பத்திரிகை விளம்பரம்தான் வழி.

குமரி மாவட்டத்துக்கு இதில் என்ன பங்கு?

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908-ல் பிறந்தது நாகர்கோவில் ஒழுகினசேரியில். ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) படங்களை இயக்கியதும் அவரே. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதனால் உள்ளூர் தியேட்டர் முத்திரையோ தேதியோ உள்ள ஒரு பழைய தாள்கூட, எந்தப் படம் எப்போது இங்கே ஓடியது என்பதற்குச் சாட்சி.

இதையெல்லாம் யார் காப்பாத்தினாங்க?

தனி மனிதர்கள்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த சேகரிப்பே, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவானது. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் திரட்டிய தகவல்கள் தமிழ்த் திரைப்பட வரலாற்று நூலாகவே வெளிவந்தன. புனேயில் 1964-ல் தொடங்கிய தேசிய திரைப்பட ஆவணக் காப்பகமும் பாட்டுப் புத்தகங்களைச் சேகரித்து வைத்திருக்கிறது.

விற்கலாமா?

உள்நாட்டில் விற்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் உஷார். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று அல்லது கலை மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டுகளைத் தாண்டினால் தொல்பொருளாகக் கருதப்படலாம். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கேட்டலாக்கில் உள்ள மதிப்பீட்டை விலையாக நினைக்கவும் கூடாது. அது ஏலத்துக்கு முன்பே அச்சாவது. விற்ற விலைப் பட்டியலையும் பார்த்தால்தான் நிலவரம் புரியும்.

எப்படிப் பாதுகாப்பது?

* லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டுமே தாளைக் கெடுக்கும்.
* இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைத்தால் பூஞ்சையும் கரையானும் வரும்.
* துருப்பிடித்த பின் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள்.
* எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அச்சகத்தின் பெயர், விளம்பரம் உள்ள பின் அட்டையை விட்டுவிடாதீர்கள்.
* யாரிடமிருந்து, எந்த ஊரில் கிடைத்தது என்பதைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். அடுத்து வருபவருக்கு இதை வேறு யாரும் சொல்ல முடியாது.