வார்டு வாசலைத் தாண்டும் குழாய்: மையச் சிரைக் குழாயை நிறுத்தும் முறைகள் குறித்து ஒரு மறு ஒப்பீடு

மையச் சிரைக் குழாயை உடலில் அசையாமல் நிறுத்தும் முறைகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்தவை. அங்கே நோயாளி படுத்திருப்பார், அறை குளிரூட்டப்பட்டிருக்கும், கூப்பிட்டால் செவிலியர் வருவார். காஞ்சிபுரம் மாவட்டத்து ராஜகுளம் போன்ற ஊரிலிருந்து பஸ் ஏறி டயாலிசிஸுக்குப் போய்வருபவரின் கழுத்துக் குழாய்க்கு இந்த வசதிகளில் ஒன்றும் கிடையாது. ஐ.சி.யூ.வில் கிடைத்த முடிவை அவர் மீது அப்படியே ஏற்றி, ‘தையல் பழசு, ஒட்டும் சாதனம் புதுசு, ஆகவே மேல்’ என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். சாதனத்தின் பெயரைவிட, குழாய் நுழையும் இடத்தை மூடிய டிரெஸ்ஸிங் எத்தனை நாள் விளிம்பு பிரியாமல் இருக்கிறது என்பதே நம் சூழலுக்குப் பொருந்தும் அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

குழாய் மில்லிமீட்டர் கணக்கில் உள்ளும் வெளியுமாக அசைந்தாலே போதும், தோல்மேல் வாழும் கிருமிகள் அதன் வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை நோக்கி நகர முடியும். அதை நிறுத்தப் பட்டுநூல் அல்லது நைலான் தையல் பழைய வழி. பட்டு பின்னிய நூல் என்பதால் இழைகளுக்கிடையே கிருமி தங்க இடமுண்டு. ஒற்றையிழை நைலான் அந்த வகையில் மேல். ஸ்டாட்லாக் போன்ற ஒட்டும் பிடிப்பான்கள் தோலைத் துளைப்பதில்லை, ஆனால் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். செக்யூர்அகாத் நுழைவாயின் வழியே தோலுக்கடியில் சிறு உலோகக் கொக்கிகளை விரித்து, குழாய் இருக்கும் காலம் முழுதும் அங்கேயே நிற்கிறது. சயனோஅக்ரிலேட் பசை இன்னொரு வழி.

சான்றுகளைப் பார்ப்போம். இரத்தநாளக் கதிரியக்க மருத்துவ இதழொன்றில் 2002-இல் வெளியான யமமோட்டோ குழுவின் சோதனையில், கைவழி மையக் குழாய் வைத்த 170 பேர் பங்கேற்றனர். குழாய் சார்ந்த இரத்தத் தொற்று தையல் பிரிவில் 10 பேருக்கும் ஸ்டாட்லாக் பிரிவில் 2 பேருக்கும் வந்தது. தையல் போடுகையில் ஓர் ஊசிக்காயமும் பதிவானது. மஞ்சள் காமாலைக் கிருமிகளை நினைத்தால் அது சிறிய விஷயமல்ல. ஆனால் எல்லாச் சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்தபோது இரு பிரிவுக்கும் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2011 வழிகாட்டுதல் தையலில்லாச் சாதனத்தைப் பரிந்துரைப்பதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பரிந்துரைக்கு அவர்களே இட்ட தரம் இரண்டாம் வகை என்பதைச் சொல்வோர் குறைவு. சான்று கோடி காட்டுகிறது, அல்லது கோட்பாட்டில் நியாயம் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தத் தரத்துக்குப் பொருளில்லை. 22 ஆய்வுகளையும் 7,436 நோயாளிகளையும் தொகுத்த 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வால், குளோர்ஹெக்சிடின் கலந்த டிரெஸ்ஸிங் தொற்றைக் குறைக்கிறது என்று சொல்ல முடிந்தது. நிறுத்தும் சாதனங்களில் எது மேல் என்று சொல்ல அதனால் முடியவில்லை.

எனவே டிரெஸ்ஸிங்கின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. பிரான்சின் டிம்சிட் குழு 2012-இல் வெளியிட்ட பகுப்பாய்வு இங்கே முக்கியமானது. 11,036 டிரெஸ்ஸிங் மாற்றங்களில் 7,347, அதாவது 67 விழுக்காடு, நனைந்தோ அழுக்காகியோ பிரிந்தோ போனதால் குறித்த நாளுக்கு முன்பே செய்யப்பட்டவை. இரண்டாம் முறை பிரிந்தபின் குழாய் சார்ந்த பெரிய தொற்றின் அபாயம் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. கடைசி டிரெஸ்ஸிங் பிரிந்த நிலையில் இருந்தால் பத்து மடங்குக்கு மேல். இது குளிரூட்டிய பிரெஞ்சு ஐ.சி.யூ.க்களின் கதை. சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் சுழலும் வார்டில், வியர்வை ஊறிய கழுத்தில், சட்டைக் காலர் உரச, அந்த 67 எவ்வளவாகும்? குழாயை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு சாதனம் நுழைவாயின் மீதுள்ள படலத்தைத் தட்டையாக ஒட்டவிடாமல் மேடாக்கினால், பிடிப்பில் கிடைத்த லாபம் காப்பில் நட்டமாகிவிடும். சாதனங்களைத் தனித்தனியே எடைபோடும் ஆய்வுகள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து வரும் வாதமும் உண்டு: சாதனமே இரண்டாம் பட்சம், கைகழுவினால் போதும் என்பது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு அதற்குத் துணை நிற்கிறது. கைகழுவல், முழு மறைப்பு, குளோர்ஹெக்சிடின், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்துவிடுதல் ஆகிய ஐந்தால், ஆயிரம் குழாய்நாளுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யமானது. ஐந்தில் ஒன்றுகூட நிறுத்தும் சாதனம் இல்லை. ஏழு இந்திய நகரங்களின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வில் தொற்று ஆயிரம் குழாய்நாளுக்கு 7.92. அந்த இடைவெளியை எந்தக் கொக்கியும் தனியாக அடைத்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேற்சொன்ன ஐந்தும் குழாய் வைக்கும் நேரத்துக்கும் வார்டுக்கும் உரியவை. நோயாளி வீடு திரும்பியபின் என்ன என்பதற்கு அவற்றில் விடையில்லை.

டயாலிசிஸுக்கான தற்காலிகக் குழாய் தடிமனானது. இரு கிளைகளும் தொங்கும். கைவழிக் குழாய்க்காக வடிவமைத்த ஒட்டிப் பிடிப்பானை அதற்கு நம்ப முடியாது. கழுத்தில் தையல், அதன்மேல் நன்றாக உலர்த்திய தோலில் ஒட்டிய டிரெஸ்ஸிங், இதற்கு மேலான ஏற்பாடு இப்போதைக்கு எனக்குத் தெரியவில்லை. சில வாரங்களுக்கு மேல் தேவைப்பட்டால் சுரங்கவழிக் குழாய்க்கு, வார்டு மொழியில் பெர்மா கேத்துக்கு, மாறிவிடுவது நல்லது. அதன் டேக்ரான் வளையத்துக்குள் மூன்று நான்கு வாரத்தில் திசு வளர்ந்து உடலே குழாயைப் பிடித்துக்கொள்ளும். புற்றுநோய் மருந்தேற்றத்துக்கான கைவழிக் குழாயின் நிலை வேறு. 15 நாளோ அதற்கு மேலோ தங்கும் இத்தகைய குழாய்களுக்கு செக்யூர்அகாத்தைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல் சொன்னது. வாரந்தோறும் மாற்ற வேண்டாத சாதனம், காரப்பேட்டையில் அண்ணா பெயரிலுள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வந்துபோகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவலாம். ஆனால் நைஸ் காட்டிய செலவு மிச்சம் பிரிட்டிஷ் செவிலியரின் நேரத்துக்கான விலையில் கணக்கிட்டது. இங்கே செவிலியர் ஊதியம் குறைவு, இறக்குமதிச் சாதனத்தின் விலை அதிகம். அந்த மிச்சம் நமக்குக் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விலைக் கேள்வி கொள்முதலிலும் எழுகிறது. அரசு மருத்துவமனைகளுக்காகக் கொள்முதல் செய்யும், 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொழில்நுட்பத் தகுதியையும் விலையையும் இரு உறைகளில் தனித்தனியே வாங்கிப் பார்க்கிறது. தகுதி உறையில் ‘ஒட்டும் தன்மை’ என்ற ஒற்றைச் சொல் போதாது. வியர்க்கும் தோலில், மின்விசிறி வார்டில், எத்தனை நாள் விளிம்பு பிரியாமல் நின்றது என்ற சோதனை முடிவைக் கேட்க வேண்டும். விலையை ஓர் உருப்படிக்கு எனக் கணக்கிட்டால் தையல் நூல் எப்போதும் வெல்லும்; ஒரு குழாய்நாளுக்கு, இடையில் மாற்றும் டிரெஸ்ஸிங்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் வரிசை மாறக்கூடும்.

இதை அறிய ஒப்பீட்டாய்வு ஒன்று காஞ்சிபுரத்திலேயே நடக்கலாம். பெரிய செலவு வேண்டாம். வெளியேற்றச் சீட்டில் குழாய் தோலைத் தொடும் இடத்து சென்டிமீட்டர் எண்ணை எழுதிவிட்டால் போதும், அது நகர்ந்ததா என்று அடுத்த முறை பார்த்தவுடன் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடு வீடாக இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு போகிறார்கள். டிரெஸ்ஸிங்கை அவர்கள் தொட வேண்டாம். விளிம்பு பிரிந்திருக்கிறதா, ஈரம் தெரிகிறதா, சீட்டிலுள்ள எண்தான் குழாயிலும் இருக்கிறதா என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு, ஒன்று தவறினாலும் அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும். தையல், ஒட்டி, கொக்கி என மூன்று பிரிவிலும் அந்த மூன்று கேள்விகளுக்கான விடைகளே ஆய்வின் முதன்மை அளவீடாகட்டும். இரத்தத் தொற்று எண்ணிக்கை இரண்டாவது அளவீடாக இருக்கட்டும். ஒரு மாவட்டத்தில் கிடைக்கும் நோயாளிகளை வைத்து, தொற்றில் வேறுபாடு காணும் அளவுக்கு எண்ணிக்கை சேராது.