தனிப் பந்தி

முழங்காலில் வலி என்று ஒருவர் வந்தால் வைத்தியர் முழங்காலைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த முழங்காலுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருக்கிறாரே! அவருடைய பயம், வெட்கம், குடும்பக் கவலை, நம்பிக்கை எல்லாம் சேர்ந்துதானே அந்தக் காலை நடக்க வைக்கின்றன, அல்லது முடக்கிப் போடுகின்றன?

நிற்க. வைத்தியருக்கும் ஒரு மனசு உண்டு. அதில் ஏற்கெனவே படிந்துபோன அபிப்பிராயங்களும் உண்டு. சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் வைத்தியத்தில் அவை ஓரளவு மறைந்து கிடக்கலாம். பிஸியோதெரபி என்று சொல்லப்படும் அங்கப் பயிற்சிச் சிகிச்சையில் மறைந்திருக்க இடமே இல்லை. அது கையால் தொட்டு, மாதக் கணக்கில் பக்கத்தில் நின்று செய்கிற சிகிச்சை. யாரைத் தொடுகிறோம், யாரைத் தொடாமல் விடுகிறோம் என்பதிலேயே மனசு வெளிப்பட்டுவிடும். அமெரிக்க சரித்திரத்தில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அதைக் கதையாக எழுதியிருந்தால், "ஆசிரியர் வேண்டுமென்றே ஜோடித்திருக்கிறார்" என்று வாசகர்கள் என்மேல் குற்றம் சாட்டுவார்கள்.

பிராங்க்லின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921-ஆம் ஆண்டில், முப்பத்தொன்பதாவது வயதில், இளம்பிள்ளை வாதம் கண்டது. இரண்டு கால்களும் போயின. 1924 அக்டோபரில் ஜார்ஜியா மாகாணத்திலுள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூருக்குப் போனார். அங்கே பூமியிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. வெப்பம் 88 டிகிரி பாரன்ஹீட். அந்த நீரில் உடம்பு இலேசாக மிதக்கும். தரையில் அசைய மறுத்த கால் தண்ணீரில் அசையும். நெடுநேரம் கிடந்தாலும் களைப்புத் தட்டாது. ரூஸ்வெல்ட் அங்கே நீந்துவதைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அவ்வளவுதான், 1925-இல் அழையா விருந்தாளிகளாக நோயாளிகள் பலர் வந்து இறங்கிவிட்டார்கள்.

அந்த ஊர் ஹோட்டலில் தங்கியிருந்த ஆரோக்கியசாலிகள் முகம் சுளித்தார்கள். சூம்பிய கால்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியுமா? நோய் தொற்றிக்கொண்டால் என்ன செய்வது? தகராறு முற்றவே, ரூஸ்வெல்ட் நோயாளிகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறையும் தனிக் குளமும் ஏற்பாடு செய்தார். நம் ஊர் பாஷையில் சொன்னால், தனிப் பந்தி!

1926-இல் அவர் அந்த இடத்தையே கிட்டத்தட்ட இரண்டு லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். எலும்பு வைத்திய நிபுணரான டாக்டர் ஹப்பார்டை வரவழைத்து 23 நோயாளிகளைக் கவனிக்கச் செய்தார். நல்ல பலன் தெரிந்தது. 1927-இல் அது தர்ம ஸ்தாபனமாயிற்று. ரூஸ்வெல்ட்டே குளத்தில் இறங்கி மற்றவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் அவரை 'டாக்டர் ரூஸ்வெல்ட்' என்று வேடிக்கையாக அழைத்தார்கள்.

அங்கே நடந்த அற்புதத்தில் பாதிதான் தண்ணீருடையது என்று நான் நினைக்கிறேன். வீட்டில் பின்கட்டு அறையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் அங்கே சக்கர நாற்காலிகளில் பந்தயம் விட்டார்கள். படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம்; சீட்டாட்டம், நாடகம், வனபோஜனம். எல்லோருக்கும் கால் ஊனமாக இருக்கும் ஊரில் காலை யாரிடம் மறைப்பது? வெட்கம் போன இடத்தில் முயற்சி வந்தது. நோயாளியின் மனசும் சிகிச்சையில் சேர்த்தி என்பதை வார்ம் ஸ்பிரிங்ஸ் கண்கூடாகக் காட்டிவிட்டது.

ஆனால் அந்த ஊரில் கறுப்பு இனத்தவரும் இருந்தார்கள். சமைத்தார்கள், பரிமாறினார்கள், துணி துவைத்தார்கள். நோயாளியாக மட்டும் அவர்களுக்கு இடமில்லை. தனிப் பந்தியின் கசப்பை ருசி பார்த்தவர்கள், இன்னொருவரைப் பந்தியிலேயே உட்கார வைக்கவில்லை.

இதற்கு அவர்கள் சொன்ன காரணம் இன்னும் விசித்திரமானது. வெறுப்பு என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். விஞ்ஞானம் என்றார்கள்! கறுப்பு இனத்தவரை இளம்பிள்ளை வாதம் அநேகமாகத் தாக்குவதில்லை. ஆகவே அவர்களுக்கு இடமும் தேவையில்லை. கணக்கிலும் அப்படித்தான் தெரிந்தது. ஏன் தெரியாது? கிராமத்துக் கறுப்பு இனக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு கால் விழுந்தால் பார்க்க டாக்டர் இல்லை. டாக்டர் பார்க்காத நோய் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத நோய்க்குப் படுக்கை கிடையாது. படுக்கை இல்லாத இடத்துக்கு நோயாளி வருவானா? வராதவனைக் காட்டி, "பார்த்தீர்களா, இவர்களுக்கு நோயே இல்லை!" என்று சாதித்தார்கள். செக்கு மாடு சுற்றி வந்த இடத்தையே சுற்றுவது போன்ற தர்க்கம் இது.

பக்கத்து மாகாணமான அலபாமாவில், டஸ்கிகீ என்னும் ஊரில், இதே சமயம் இன்னொரு காட்சி. அடிமைக் குடும்பத்தில் பிறந்து பெரிய தாவர விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், இளம்பிள்ளை வாதத்தால் சூம்பிய கால்களுக்குக் கடலை எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். 1933 கடைசியில் பத்திரிகைகளில் இது வெளியானதும் ஆயிரக் கணக்கில் கடிதங்கள் குவிந்தன. வெள்ளைக்காரப் பெற்றோர்களும் பிள்ளைகளை அவரிடம் அழைத்து வந்தார்கள். எண்ணெய்தான் குணம் தருகிறது என்பது கார்வரின் நம்பிக்கை. எண்ணெயில் அப்படி ஒரு மகிமையும் இல்லை. நீவிவிட்ட கைக்கும், பொறுமையாகக் கேட்ட காதுக்கும், "நடப்பாய், அப்பா!" என்ற நம்பிக்கைக்கும்தான் மகிமை. கறுப்புக் கை வெள்ளைக் காலைத் தொடலாம். அந்தக் கைக்குரியவரின் இனத்துக் குழந்தை வார்ம் ஸ்பிரிங்ஸ் தண்ணீரைத் தொடக் கூடாது!

1938 முதல் இளம்பிள்ளை வாத நிதிக்கு ஜனங்கள் பத்து சென்ட் நாணயங்களை வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள். கறுப்பு இனத்தவரும் கொடுத்தார்கள். நாணயத்தை மட்டும் நிறம் பார்க்காமல் வாங்கிக் கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது. நிதியின் தலைவர் பேஸில் ஓகானர் 1939-இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 1941 ஜனவரியில் டஸ்கிகீயில் 36 படுக்கைகளுடன் இளம்பிள்ளை வாத நிலையம் திறக்கப்பட்டது. கறுப்பு இனத்தவரான டாக்டர் ஜான் செனால்ட் அதற்குத் தலைமை வகித்தார். நர்ஸுகளுக்கும் பிஸியோதெரபி செய்வோருக்கும் அங்கே பயிற்சி கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதுவரை வாசலே இல்லாதவர்களுக்கு ஒரு வாசல் திறந்தது. ஆனாலும் அதுவும் ஒரு தனிப் பந்திதான். வார்ம் ஸ்பிரிங்ஸின் கதவைத் திறக்காமல் இருப்பதற்கு அது சௌகரியமான பதிலாகவும் பயன்பட்டது.

1944 கோடையில் வட கரோலினாவில் நோய் கொள்ளை போலப் பரவியது. ஹிக்கரி என்ற ஊரில் அவசர அவசரமாக ஓர் ஆஸ்பத்திரியை எழுப்பி, வெள்ளைக் குழந்தை, கறுப்புக் குழந்தை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

1945 ஏப்ரல் 12-இல் ரூஸ்வெல்ட் வார்ம் ஸ்பிரிங்ஸிலேயே காலமானார். மறுநாள் அவர் உடல் புறப்பட்டபோது, கிரஹாம் ஜாக்ஸன் என்ற கறுப்பு இன வித்வான் கண்ணீர் வழிய அக்கார்டியன் வாசித்தார். 'லைஃப்' பத்திரிகையில் வந்த அந்தப் படம் உலகப் பிரசித்தம். பொய்க் கண்ணீர் அல்ல அது. அன்புக்குப் பஞ்சமில்லாத இடத்தில்கூட நியாயத்துக்குப் பஞ்சம் ஏற்படலாம் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

இதெல்லாம் பழங்கதை என்று புத்தகத்தை மூடிவிட முடிந்தால் நன்றாக இருக்கும். 2016-இல் வர்ஜீனியா பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள், வெள்ளை இனத்து வைத்திய மாணவர்களையும் இளம் டாக்டர்களையும் சோதித்தார்கள். கறுப்பு இனத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஏதாவது ஒன்றையாவது ஏறக்குறைய பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பு நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள், சிகிச்சையிலும் தவறினார்கள். 1930-களில் "உனக்கு நோயே வராது" என்றார்கள். இப்போது "உனக்கு அவ்வளவு வலிக்காது" என்கிறார்கள். குரல் கொஞ்சம் தணிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நோயாளியைக் காலை நீட்டச் சொல்வதற்கு முன்னால் வைத்தியர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "உனக்கு எப்படி வலிக்கிறது?" பதில் வந்த பிறகு அதை நம்பவும் வேண்டும். கேள்வி கேட்பது சுலபம். நம்புவதற்குத்தான் பயிற்சி தேவை. அந்தப் பயிற்சி நோயாளியின் காலுக்கு அல்ல.